நூறைத் தாண்டும் கணக்கு

காலை ஆறு மணி. அடுப்படியில் பால் பொங்குகிறது. டிகாக்‌ஷன் இறங்கி, காபி கலந்து, கூடத்தில் பேப்பர் படிப்பவரின் பக்கத்தில் டம்ளரும் டபராவுமாக வந்து சேர்கிறது. அவர் கை தானாக நீள்கிறது. பார்வை பேப்பரை விட்டு அகலவில்லை. ஆண்டுக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது. ஒரு நாள் சர்க்கரை குறைந்துவிட்டால் மட்டும் தலை நிமிர்கிறது. "என்ன, இன்னிக்குக் காபி இப்படி இருக்கு?"

இதை நன்றிகெட்டதனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதே மனிதர், பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் தன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் முகம் மலர்ந்து "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தால் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசுகிறார். நன்றி உணர்வு அவரிடம் இருக்கத்தான் செய்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அது எங்கோ ஒளிந்துகொள்கிறது. ஏன்?

கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் நரம்பியலாளர்களும் இந்தக் கேள்வியைச் சுற்றி நிறைய வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. குடும்பத்தில் நன்றி வற்றும் பல இடங்களில் அன்பு வற்றியிருப்பதில்லை. கவனம்தான் வற்றியிருக்கிறது. அப்படிக் கவனம் வற்றுவது மூளை வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

மின்விசிறி ஓடும் அறையில் அதன் இரைச்சல் நமக்குக் கேட்பதில்லை. கரண்ட் போன நொடியில்தான் இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது உறைக்கிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் எதற்கும் நரம்பு மண்டலம் தன் எதிர்வினையைக் குறைத்துக்கொண்டே போகும். உளவியலில் இதை ஹாபிச்சுவேஷன் என்கிறார்கள்; தமிழில் பழக்கத்தணிவு என்று சொல்லலாம். மாறாமல் இருப்பதைக் கவனிக்க மூளைக்கு நேரமில்லை. மாறியது எது என்று பார்ப்பதுதான் அதற்கு உயிர் காக்கும் வேலை.

இதைவிடக் கூர்மையான சான்று ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்துவந்தார். எதிர்பாராமல் நாக்கில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு, சாறு தருவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளம் காட்டினார். பழகியதும் துடிப்பு அடையாளத்துக்கு இடம் மாறியது. சாறு விழும்போது அணுக்கள் வழக்கமான அளவிலேயே துடித்தன. சாறு அதே சாறுதான். வரும் என்று தெரிந்த ஒன்று வந்தது, அவ்வளவுதான். அடுத்து, அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் விட்டார். சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் அணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997இல் பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் ஷுல்ட்ஸ் இதற்கு விளக்கம் எழுதினார்: கிடைத்தது எவ்வளவு என்பதை இந்த அணுக்கள் அறிவிப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அறிவிக்கின்றன. இதற்கு எதிர்பார்ப்புப் பிழை என்று பெயர்.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து கூடத்துக் காபிக்கு நேராகத் தாவிவிட முடியாது. நன்றி உணர்வு என்பது ஒரு வகை அணுவின் துடிப்பைவிட மிகவும் சிக்கலானது. ஆனால் கணக்கின் வடிவம் ஒன்றுதான். தினமும் வரும் காபி எதிர்பார்ப்புக்குள் கரைந்துவிடுகிறது. சர்க்கரை குறைந்த காபி தனியாக எழுந்து நிற்கிறது. ஒரு குடும்பத்தில் யார் மிக ஒழுங்காக, மிக நம்பகமாக வேலை செய்கிறார்களோ அவர்களுடைய வேலைதான் முதலில் மறைந்துபோகும். எனக்கு இது வருத்தம் தரும் உண்மை. என்றைக்காவது ஒரு நாள் சமைக்கும் அப்பாவின் பிரியாணி பேச்சாகிறது. தினமும் சமைக்கும் அம்மாவின் சோறு பேச்சில் வருவதே இல்லை.

இது பெறுபவர் பக்கம். கொடுப்பவர் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த விதம் மிக எளிமையானது.

1979இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி இருவரும் 37 தம்பதியரைத் தேர்ந்தார்கள். காலை உணவு செய்வது, வீட்டைச் சுத்தம் செய்வது என்று வீட்டில் நடக்கும் 20 காரியங்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்கோடு. கோட்டின் ஒரு முனை 'முதன்மையாக மனைவி', மறு முனை 'முதன்மையாகக் கணவன்'. தன் பங்கு எங்கே விழுகிறது என்று இருவரும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கணவன் சொல்லும் தன் பங்கையும் மனைவி சொல்லும் தன் பங்கையும் கூட்டினால் நியாயப்படி ஒரு கோட்டின் நீளம், அதாவது நூறு சதவீதம் வர வேண்டும். 37 இணைகளில் 27 இணைகளுக்குக் கூட்டுத்தொகை நூறைத் தாண்டியது. யாரோ ஒருவர், அல்லது இருவருமே, தன் பங்கைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

தற்பெருமை என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் ஆய்வாளர்கள் சண்டையை மூட்டிவிடுவது போன்ற, பெருமைப்பட ஒன்றுமில்லாத காரியங்களையும் சேர்த்திருந்தார்கள். 20 காரியங்களில் 16இல் கூட்டுத்தொகை மிகுந்தே வந்தது. தற்பெருமை மட்டும் காரணமாக இருந்தால் நல்லதற்கு மட்டும் உரிமை கொண்டாடி, கெட்டதை அடுத்தவர் தலையில் கட்டியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இன்னொன்றும் கேட்டார்கள்: நீங்களும் உங்கள் துணையும் செய்ததற்கு உதாரணங்கள் எழுதுங்கள். தான் செய்ததற்கு அதிக உதாரணங்கள் வந்தன. யாருக்குத் தன் உதாரணங்கள் கூடுதலாக நினைவுக்கு வந்தனவோ அவர்களே தங்கள் பங்கையும் கூட்டிச் சொன்னார்கள். ஆக, கோளாறு நினைவில் இருக்கிறது. நாம் துவைத்துக் காயப்போட்ட துணியின் ஈரம் நம் கையில் இருந்தது. அடுத்தவர் அலைந்து கட்டிவிட்டு வந்த மின் கட்டணம் நமக்கு ஒரு ரசீது மட்டும். தன்னோக்குச் சாய்வு என்று இதைச் சொல்லலாம்.

பழக்கத்தணிவையும் தன்னோக்குச் சாய்வையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தவர் செய்வது கண்ணில் படவில்லை. நாம் செய்வது நினைவை நிரப்பி நிற்கிறது. இருவருமே நேர்மையானவர்கள், இருவருக்குமே தான் ஏமாற்றப்படுவதாகத் தோன்றுகிறது. "இந்த வீட்டுக்காக நான் எவ்வளவு செய்யறேன், ஒருத்தருக்காவது தெரியுதா?" என்று ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிக்கொள்ள முடியும்.

கண்ணில் படாமல் போவது எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1980இல் எலிசபெத் ராபின்சன், கெய்ல் பிரைஸ் என்ற இரு உளவியலாளர்கள் பயிற்சி பெற்ற பார்வையாளர்களைத் தம்பதியரின் வீடுகளுக்கே அனுப்பினார்கள். துணை செய்யும் இதமான காரியங்களைத் தம்பதியரும் குறித்தார்கள், அதே நேரத்தில் பார்வையாளரும் குறித்தார். மனம் ஒட்டாமல் வாழ்ந்த தம்பதியர், பார்வையாளர் கண்ட இதமான செயல்களில் ஏறக்குறைய பாதியைத் தவறவிட்டிருந்தார்கள். அந்த வீடுகளில் அன்பான செயல்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் நன்றியை வலிந்து நினைவுகூர்ந்தால் ஏதாவது மாறுமா? அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் புகழ்பெற்றது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவு பத்து வாரங்களுக்கு, வாரம் ஒரு முறை, நன்றி பாராட்டத் தக்கவற்றை எழுதியது. இன்னொரு பிரிவு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது பிரிவு வெறுமனே நடந்தவற்றை எழுதியது. நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவோடு மதிப்பிட்டார்கள். நரம்புத் தசை நோயாளிகளிடம் 21 நாள் நடத்திய மற்றொரு சோதனையில், கூட இருந்த வாழ்க்கைத்துணையிடமும் கேட்டார்கள். வித்தியாசம் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நன்றி நாட்குறிப்பு எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் புத்தகங்கள் இன்று குவிந்து கிடக்கின்றன. பின்னர் வந்த தொகுப்பாய்வுகள், அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட ஆய்வுகள், பலன் உண்டு, ஆனால் சிறியது என்றே சொல்கின்றன. எரிச்சலைப் பட்டியலிட்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும் வித்தியாசம், சாதாரணமாக ஏதோ எழுதியவர்களோடு ஒப்பிட்டால் சுருங்கிவிடுகிறது.

தனியாக உட்கார்ந்து எழுதுவதைவிட, இரண்டு பேருக்கு நடுவே நன்றி என்ன செய்கிறது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. சாரா ஆல்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் ஒரு நாட்குறிப்பு ஆய்வை வெளியிட்டார்கள். சேர்ந்து வாழும் 67 இணைகள் இரண்டு வாரங்களுக்கு இரவுதோறும் குறித்துவைத்தார்கள்: இன்று துணை எனக்கு என்ன செய்தார், நான் என்ன உணர்ந்தேன், எங்கள் உறவு இன்று எப்படி இருந்தது. ஒருவர் ஒரு நாள் வழக்கத்தைவிட அதிக நன்றி உணர்ந்திருந்தால், மறுநாள் உறவின் நெருக்கம் அவருக்கு மட்டுமல்ல, துணைக்கும் கூடியிருந்தது. இத்தகைய ஆய்வின் பலம், ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு ஒப்பிடாமல் ஒரே வீட்டின் இன்றையும் நாளையும் ஒப்பிடுவது. பொதுவாகவே ஒற்றுமையான குடும்பத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும் என்ற ஐயத்துக்கு இங்கே இடம் குறைவு. ஆனாலும் நன்றிதான் காரணம் என்று அடித்துச் சொல்லக் குலுக்கல் முறைச் சோதனை வேண்டும். நாட்குறிப்பு திசையைத்தான் காட்டும்.

தமிழ் வீடுகளைத் தெரிந்த எவருக்கும் இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். நாம் வீட்டில் நன்றி சொல்வதே இல்லையே? மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததற்கு அம்மா நன்றி சொன்னால் அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பான். மனைவியிடம் தேங்க்ஸ் சொன்னால் "என்ன புதுசா?" என்ற கேள்வி வரும். வெளியாளுக்குச் சொல்வதை வீட்டாளுக்குச் சொன்னால் விலக்கி வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. சைமன் ஃபிளாய்ட், நிக் என்ஃபீல்ட் உள்ளிட்ட மொழியியலாளர்கள் எட்டு மொழிகளில் இயல்பான அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலம், இத்தாலியம், போலிஷ், ரஷ்யன் ஆகியவற்றோடு லாவோஸ், கானா, ஈக்வடார் நாடுகளின் மொழிகளும் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி ஒன்றும் அதில் உண்டு. உப்பை எடு, கதவைச் சாத்து என்று வீட்டாரும் நண்பர்களும் ஒருவரையொருவர் கேட்டுக் காரியம் நடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்களை எண்ணினார்கள். இருபது முறைக்கு ஒரு முறைதான் நன்றி வாயால் சொல்லப்பட்டது. ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் சற்றுக் கூடுதல். ஈக்வடாரின் சாப்பலா மொழியில் ஒரு முறைகூட இல்லை. தங்களுக்குள் உதவிக்கொள்வதை மனிதர்கள் எழுதாத ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இலேயே தென்னிந்திய, குறிப்பாகத் தமிழ்ச் சமூகத்தின் நன்றியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இங்கே நன்றி வாய்ச்சொல்லில் தீர்ந்துபோவதில்லை, உடல்மொழியிலும் கைம்மாறிலும் வெளிப்படுகிறது என்பது அவர் கண்டது.

ஆகவே ஐரோப்பிய வழக்கத்தைக் கடன் வாங்கி, சாப்பாட்டு மேசையில் வரிக்கு வரி தேங்க்ஸ் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுதாத ஒப்பந்தம் பழக்கத்தணிவிடம் இருந்து யாரையும் காப்பாற்றாது. நீ செய்தது என் கண்ணில் பட்டது என்று எப்படியாவது தெரிவித்தாக வேண்டும். ஆல்கோவின் இன்னோர் ஆய்வு, 2016இல் வந்தது, இங்கே உதவுகிறது. துணையிடம் நன்றி சொல்லும்போது மனிதர்கள் இரண்டு விதமான பேச்சைக் கலந்து பேசுகிறார்கள். ஒன்று, எனக்கு என்ன நன்மை கிடைத்தது என்பது. மற்றொன்று, அதைச் செய்த நீ எப்படிப்பட்ட ஆள் என்பது. உரையாடல்களை ஒளிப்பதிவு செய்து இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டபோது, கேட்டவரின் மனத்தைத் தொட்டது இரண்டாவது வகைதான்.

காய்ச்சலில் படுத்திருக்கும் கணவர், "ரசம் நல்லா இருந்துச்சு, தொண்டைக்கு இதமா இருந்தது" என்றால் அது முதல் வகை. "நான் ஒண்ணுமே சொல்லல, ஆனா நீயா கவனிச்சு மிளகு கூடப் போட்டிருக்க பாரு" என்றால் இரண்டாம் வகை. முதலாவதில் பேச்சின் நடுவில் இருப்பது அவருடைய தொண்டை. இரண்டாவதில் அவள். இதற்கு நன்றி என்ற சொல் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ் வீட்டுப் பேச்சில் கூச்சமில்லாமல் பொருந்தும் வடிவம் இது.

கனிவான பேச்சின் மறுபக்கம் கடுஞ்சொல். அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வுகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் 42 தம்பதியரை மருத்துவமனை ஆய்வுப் பிரிவில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள், தங்கவைத்தார்கள். உறிஞ்சும் கருவி ஒன்றை முன்கையில் வைத்துத் தோலில் சிறு கொப்புளங்களை எழுப்பி, மேல்தோலை நீக்கினார்கள். ஒரே அளவான, ஆபத்தில்லாத புண்கள். முதல் வருகையில் தம்பதியர் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேச வேண்டும். தன்னிடம் தான் மாற்றிக்கொள்ள விரும்புவதை ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுப் பேசுவார். இரண்டாவது வருகையில் இருவருக்கும் மனத்தாங்கல் உள்ள விஷயத்தை அரை மணி நேரம் பேச வேண்டும். பிறகு நாள்தோறும் புண்ணை அளந்தார்கள்.

2005இல் வெளியான முடிவு: மனத்தாங்கல் பேசிய பிறகு புண் ஆற ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாக ஆனது. இரண்டு உரையாடல்களிலுமே பகைமையோடு பேசிய தம்பதியரின் புண்கள், அப்படிப் பேசாதவர்களின் புண்கள் ஆறும் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறின. காரணத்தின் ஒரு பகுதியும் தெரிந்தது. புண் ஆறத் தொடங்க அந்த இடத்தில் சைட்டோகைன் என்னும் அழற்சிச் செய்திப் புரதங்கள் கூட வேண்டும். பகைத்துப் பேசியவர்களிடம் அவை தேவைப்பட்ட புண்ணில் குறைவாகவும், தேவையில்லாத இரத்த ஓட்டத்தில் அதிகமாகவும் இருந்தன. "அவர் பேசினது இன்னும் ஆறல" என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தத் தம்பதியரின் கையில் அதை அளவுகோல் வைத்தே அளந்துவிட்டார்கள்.

கடுஞ்சொல்லை முற்றாக ஒழித்த குடும்பம் எங்கும் இல்லை. அப்படி ஒன்று தேவையும் இல்லை. ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் இருவரும் 73 தம்பதியரை ஆய்வகத்தில் பேசவைத்து, இதயத்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்து, முகபாவங்களையும் சொற்களையும் குறித்து, நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1992இல் எழுதிய முடிவின்படி, நிலைத்து நின்ற தம்பதியர் சச்சரவு பேசும்போதுகூட ஒரு எதிர்மறைச் செயலுக்கு ஏறக்குறைய ஐந்து இதமான செயல்களைக் கலந்தார்கள். ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, "நீ சொல்றதும் சரிதான்" என்ற ஒரு வாக்கியம். ஆட்டம் கண்ட தம்பதியரிடம் இதமானவை எதிர்மறையைவிடக் குறைவாக இருந்தன. காட்மன் தொடர்ந்து எச்சரித்துவந்தது கோபத்தைப் பற்றியன்று, இளக்காரத்தைப் பற்றி. "ஏன் லேட்டு?" என்பது கோபம். "ஆமா, நீ வந்து கிழிச்சே" என்பதும், உதட்டைச் சுழித்துப் பார்வையை மேலே உருட்டுவதும் இளக்காரம்.

ஐந்துக்கு ஒன்று என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: மூன்று நிமிடப் பேச்சைப் பார்த்தே மணமுறிவைச் சொல்லிவிடலாம் என்று பரவிய செய்திகளை 2001இல் ரிச்சர்ட் ஹேமனும் ஆமி ஸ்லெப்பும் கேள்விக்கு உட்படுத்தினார்கள். எந்தத் தம்பதியரை வைத்துக் கணிப்புச் சூத்திரம் உருவாக்கப்பட்டதோ அவர்களிடமே சோதித்தால் அது கச்சிதமாகப் பொருந்தும். புதியவர்களிடம் சோதித்தால் பலம் குறையும். எண்ணை விட்டுவிடுங்கள், இதமான பேச்சு கடுமையைவிட நன்றாகவே மிகுந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிற்கிறது.

இனி நம்பிக்கை. ஒரே செயல் நம்பிக்கை உள்ள வீட்டில் ஒரு விதமாகவும் இல்லாத வீட்டில் வேறு விதமாகவும் படிக்கப்படுகிறது. கணவர் மருந்து வாங்க மறந்து வந்துவிட்டார். "இன்னிக்கு ஆபீஸ்ல என்னவோ நடந்திருக்கு" என்று ஒரு மனைவி நினைப்பாள். "என்னைப் பத்தி அவருக்கு என்ன கவலை" என்று இன்னொருத்தி நினைப்பாள். காரணம் கற்பித்தல் என்று இதற்குப் பெயர். தாமஸ் பிராட்பரியும் ஃபிராங்க் ஃபின்சமும் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்தார்கள். துன்பத்தில் இருக்கும் தம்பதியர் தவறுக்குக் காரணத்தைத் துணையின் குணத்தில் தேடுகிறார்கள். நல்லதற்குக் காரணத்தைச் சூழ்நிலையில் தேடுகிறார்கள். பூ வாங்கி வந்தால்கூட "என்ன காரியம் ஆகணும்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

நம்பிக்கை நினைவையே திருத்தி எழுதுகிறது என்பதை லாரா லுச்சீஸ் குழுவினர் 2013இல் காட்டினார்கள். துணை செய்த தவறுகளை அவை நடந்த காலத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, துணை மீது நம்பிக்கை மிகுந்தவர்கள் பழைய தவறுகளை அன்று எழுதியதைவிடச் சிறிதாக நினைவு வைத்திருந்தார்கள். நம்பிக்கை குறைந்தவர்களின் நினைவு எதிர்த்திசையில் சாய்ந்தது. "இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் கல்யாணத்துல நீங்க பண்ணினது" என்று தொடங்கும் பேச்சில், அந்த நாளில் நடந்தது பாதி, இன்றைய நம்பிக்கையின் நிலை பாதி.

கடவுள் நம்பிக்கையும் இந்த ஆய்வுகளுக்குள் வருகிறது. கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும் பெண், கணவர் பெயர், நட்சத்திரம், பிள்ளைகள் பெயர், நட்சத்திரம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத் தன் பெயரைக் கடைசியில் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். சில வேளை அதையும் மறந்துவிடுவார். இன்னொருவருக்காக வேண்டுவது வேண்டுகிறவரை என்ன செய்கிறது? நத்தானியேல் லாம்பர்ட், ஃபின்சம் ஆகியோர் 2010இல் வெளியிட்ட சோதனையில், துணையின் நலனுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லப்பட்டவர்கள், துணையைப் பற்றி வெறுமனே பேசச் சொல்லப்பட்டவர்களைவிட மன்னிக்கும் மனத்தோடு இருந்தார்கள். அடுத்த சோதனையில் நெருங்கிய நண்பருக்காக நான்கு வாரம் பிரார்த்தித்தவர்களிடமும் இதே மாற்றம் தென்பட்டது. நண்பரைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்களிடம் அவ்வளவு இல்லை. தன்னை மறந்த அக்கறை கூடுவதுதான் இடையில் நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். சோதனையில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். பிரார்த்தனை ஏற்கெனவே பழக்கமானவர்கள். பிரார்த்தனை கேட்கப்படுகிறதா என்பதை இந்தச் சோதனை தொடவில்லை. அதைச் செய்கிறவருக்குள் நடப்பதைத்தான் அது அளந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை யாரோ ஒருவருக்கு அநியாயம் செய்துவிடும். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1989இல், வேலைக்கும் போய் வீட்டையும் சுமக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போது நன்றியின் பொருளாதாரம் என்ற கருத்தை முன்வைத்தார். எது இயல்பான கடமை, எது கூடுதலான கொடை என்பதைச் சமூகம் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. அதே பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் ஒருவருக்குக் கடமை, மற்றவருக்குப் பாராட்டு. ஏமி கார்டனும் மற்றவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுட்பமாக்குகிறது. வீட்டு வேலை சமமாகப் பிரியாத இடத்தில் மனநிறைவு குறைகிறது. ஆனால் துணை தன்னை மதிக்கிறார் என்று உணர்பவரிடம் அந்தக் குறைவு பெரிதாகத் தெரிவதில்லை. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நன்றி பாரத்தை லேசாக்குகிறது. பாரம் அப்படியே இருக்கும்போது அதைத் தெரியாமலும் ஆக்குகிறது. இரண்டும் உண்மை. கனிந்த பேச்சு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை, விளக்குமாற்றை யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வியும். அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. அங்கே தேவை பாதுகாப்பு.

விளக்குமாற்றை யார் எடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் நாட்டின் விடை அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2019இல் ஒரு நாளில் சம்பளமில்லா வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். கை வைத்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி கணக்கெடுத்தபோது பெண்களின் நேரம் 289ஆகக் குறைந்திருந்தது, ஆண்களின் நேரம் 88ஆகக் குறைந்திருந்தது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகியிருக்கிறது.